99 ரூபாய் வெபினார்... 50 ஆயிரம் ரூபாய் பாடம்! ஆன்லைன் மார்க்கெட்டிங் பயிற்சியில் பணம் கட்டும் முன் ஒரு நிமிடம்...

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் பட்டுப்புடவை எடுக்கப் போகிறவர்களுக்கு வீட்டுப் பெரியவர்கள் சொல்லி அனுப்பும் பாடம் ஒன்று உண்டு. ஜரிகை இழை ஒன்றை எடுத்து லேசாகச் சுரண்டிப் பார்க்க வேண்டும். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் நல்லது. ஏனென்றால், சிவப்புப் பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசுவதுதான் அசல் ஜரிகை. உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் யோசிக்க வேண்டும்.

இருபதாயிரம் ரூபாய் புடவைக்கு இவ்வளவு பார்க்கிற குடும்பங்கள்தான், ஐம்பதாயிரம் ரூபாய் ஆன்லைன் மார்க்கெட்டிங் பயிற்சிக்கு எதையும் சுரண்டிப் பார்க்காமல் செல்போனில் ஒரு பட்டனை அழுத்திப் பணம் கட்டிவிடுகின்றன.

'வீட்டில் இருந்தபடியே மாதம் ஒரு லட்சம்', 'செல்போன் போதும், முதலீடு வேண்டாம்', 'மூன்றே நாளில் டிஜிட்டல் தொழிலதிபர்'... ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப் என எதைத் திறந்தாலும் இந்த விளம்பரங்கள் வந்து நிற்கின்றன. எல்லாமே மோசடியா? இல்லை. நேர்மையாகச் சொல்லித் தருகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால், புதிதாக வருகிறவரால் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடிவதில்லை. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஆசை நியாயமானதுதான்

காஞ்சிபுரம் போன்ற ஊரில் இந்த விளம்பரங்கள் எடுபடுவதற்குக் காரணம் இருக்கிறது. பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் நெய்யப்படும் புடவை, அதைக் கட்டப்போகிறவரின் கைக்குப் போவதற்குள் மாஸ்டர் வீவர், மொத்த வியாபாரி, கடைக்காரர் எனப் பல கைகளைத் தாண்டுகிறது. ஒரு புடவையை நெய்து முடிக்கப் பத்து, பதினைந்து நாள்கள்கூட ஆகும். நெய்தவருக்குக் கிடைக்கும் கூலிக்கும், கடையில் தொங்கும் விலைச் சீட்டுக்கும் இடையே உள்ள தூரம் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும்.

'நடுவில் யாரும் இல்லாமல் நாமே ஆன்லைனில் விற்றால் என்ன?' என்று அந்த வீட்டுப் பெண்ணோ பையனோ கேட்பதில் தவறே இல்லை. வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராம் லைவிலும் புடவை விற்று நன்றாகச் சம்பாதிக்கிறவர்களும் இருக்கிறார்கள். இல்லாத ஆசை எதையும் பயிற்சிக்காரர்கள் உருவாக்குவதில்லை. இருக்கிற நியாயமான ஆசைக்குத்தான் விலை வைக்கிறார்கள்.

ஏணியின் முதல் படி 99 ரூபாய்

இந்த வகுப்புகளில் பலவும் ஒரே மாதிரியாகத்தான் நகர்கின்றன. முதலில் இலவச வெபினார். அல்லது 99 ரூபாய், 199 ரூபாய் கட்டணம். '99 ரூபாய்தானே, போனால் போகிறது' என்று உள்ளே போகிறோம்.

இரண்டு மணி நேர வெபினாரில் முதல் ஒரு மணி நேரம் பயிற்சியாளரின் கதை. கஷ்டப்பட்ட குடும்பம், கடன், அவமானம், பிறகு ஒரு திருப்பம், கார், வீடு, வெளிநாட்டுப் பயணம். அடுத்த அரை மணி நேரம் மேலோட்டமான சில குறிப்புகள். கடைசி அரை மணி நேரம்தான் விஷயமே! 'இதன் உண்மையான மதிப்பு ஒன்றரை லட்சம். இன்று இந்த வெபினாரில் இருப்பவர்களுக்கு மட்டும் 45,000. இன்னும் 20 சீட்தான் பாக்கி. பத்து நிமிடத்தில் லிங்க் மூடப்படும்' என்று திரையில் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும்.

அந்தக் கடிகாரம் சும்மா ஓடவில்லை. வீட்டில் கலந்து பேசவும், கணக்குப் போடவும் நேரம் கொடுக்காமல் இருப்பதுதான் அதன் வேலை. இல்லாத அவசரத்தை இருப்பதாகக் காட்டி விற்பதை மத்திய அரசே தவறான வணிக உத்தி என்று அறிவித்திருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், ஆன்லைனில் வாடிக்கையாளரை ஏய்க்கும் 13 உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தன. போலி அவசரம் அதில் ஒன்று. வேண்டாம் என்பவரைக் குற்ற உணர்ச்சிக்கு ஆளாக்கி வாங்கவைப்பது இன்னொன்று. 'குடும்பத்தின் மேல் அக்கறை இருக்கிறவர்கள் இந்த பட்டனை அழுத்துவார்கள்' என்று யாராவது சொன்னால், இந்தப் பட்டியலை நினைத்துக்கொள்ளுங்கள்.

45,000 கட்டினால் கதை முடிந்துவிடுமா? பல இடங்களில் அது நடுப்படிதான். அடுத்து 'ஒன் டு ஒன் மென்டரிங்', அதற்கடுத்து 'பிளாட்டினம் குரூப்' என்று ஏணி நீண்டுகொண்டே போகும். விற்பனை வரவில்லை என்று கேட்டால், 'பாடத்தில் குறை இல்லை, உங்கள் மைண்ட்செட்டில்தான் குறை. அடுத்த லெவலுக்கு வாருங்கள்' என்று பதில் வரும்.

ஸ்க்ரீன்ஷாட் சாட்சி ஆகுமா?

வெபினாரில் அதிகம் காட்டப்படுவது வருமான ஸ்க்ரீன்ஷாட். 'இன்று ஒரே நாளில் 38,000' என்று ஒரு படம். அது மொத்த விற்பனையா, லாபமா என்று அதில் இருக்காது. சரக்கு விலை, விளம்பரச் செலவு, கூரியர், திரும்பி வந்த பார்சல் எதுவும் அதில் தெரியாது. புடவை விற்ற பணமா, பயிற்சி விற்ற பணமா என்பதும் தெரியாது. போதாக்குறைக்கு, இப்படி ஒரு படத்தைப் போலியாக உருவாக்குவது இன்று ஐந்து நிமிட வேலை.

'ஆயிரம் பேர் பாராட்டுகிறார்களே' என்பதும் ஆதாரம் ஆகாது. 2024 ஜனவரியில், செயலியில் விளம்பரம் பார்த்தால் பணம் தருவதாகச் சொன்ன கோவையின் மைவி3 ஆட்ஸ் நிறுவனத்தின் மீது போலீஸ் வழக்குப் பதிவு செய்தது. அப்போது நீலாம்பூரில் ஆயிரக்கணக்கானோர் திரண்டது நிறுவனத்துக்கு எதிராக அல்ல, ஆதரவாக! வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால் ஒன்று புரிகிறது. பணம் போட்டவர், அது வீண் என்று ஒப்புக்கொள்ள விரும்புவதில்லை. அதனால் கூட்டத்தின் கைத்தட்டலை வைத்து எதையும் எடை போட முடியாது.

பட்டுப்புடவைக் கணக்கு

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காஞ்சிபுரத்தில் இருந்து ஒரு பெண் புடவைகளை வாங்கி ஆன்லைனில் விற்கப் போகிறார். ஒரு புடவைக்கு அவர் கையில் நிற்கும் லாபம் 800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

பயிற்சிக் கட்டணம் 45,000. 'பிளஸ் ஜி.எஸ்.டி' என்று சின்ன எழுத்தில் இருக்கும். 18 சதவிகிதம், அதாவது 8,100. மொத்தம் 53,100 ரூபாய். இதை மீட்க மட்டுமே 67 புடவைகள் விற்க வேண்டும்.

கையில் பணம் இல்லை, 12 மாத இ.எம்.ஐ. வட்டியே இல்லை என்று வைத்தாலும் மாதம் 4,425 ரூபாய். பயிற்சியில் சொன்னபடி தினமும் 300 ரூபாய்க்கு இன்ஸ்டாகிராமில் விளம்பரம் போட்டால் மாதம் 9,000. இரண்டும் சேர்ந்து 13,425 ரூபாய். அந்தப் பெண் மாதம் 17 புடவைகள் விற்றால், கையில் மிஞ்சுவது 175 ரூபாய்! பதினெட்டாவது புடவையில் இருந்துதான் அவருக்கு வருமானம் என்று ஒன்று தொடங்கும். புதிதாகத் தொடங்கிய பக்கத்தில் முதல் மாதமே 18 புடவைகள் விற்குமா? இந்தக் கேள்வியை எந்த வெபினாரும் கேட்பதில்லை.

இதே 53,100 ரூபாயில் பத்து, பதினைந்து புடவைகள் வாங்கி வைத்து, தெரிந்தவர்களிடம் இருந்தே வியாபாரத்தைத் தொடங்கியிருக்கலாம். விற்காவிட்டாலும் கையில் புடவை இருக்கும். பயிற்சி விற்காவிட்டால் கையில் இருப்பது ஒரு பி.டி.எஃப் சான்றிதழ் மட்டுமே.

ஊர் வேறு, ஏணி ஒன்றுதான்

இந்த ஏணி நம் ஊரில் பிறந்ததில்லை. அமெரிக்காவில் டொனால்டு ட்ரம்ப் பெயரில் நடந்த 'ட்ரம்ப் யுனிவர்சிட்டி' ரியல் எஸ்டேட் பயிற்சியில் முதல் கூட்டம் இலவசம். அடுத்த மூன்று நாள் வகுப்புக்கு 1,495 டாலர். அதற்கு மேல் 35,000 டாலர் வரை பேக்கேஜ். ஏமாற்றப்பட்டதாக மாணவர்கள் வழக்குப் போட, 2016 நவம்பரில் 2.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டு சமரசம் செய்தார்கள். தவறு எதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

இணைய மார்க்கெட்டிங்குக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் 'மோப்'. 'மை ஆன்லைன் பிசினஸ் எஜுகேஷன்' என்பதன் சுருக்கம் இது. ஆன்லைனில் சம்பாதிக்க 21 படிகள் என்று சொல்லி 49 டாலரில் ஆரம்பித்தார்கள். போகப் போக ஆயிரக்கணக்கான டாலர்களில் அடுத்தடுத்த உறுப்பினர் திட்டங்கள். 2018 ஜூனில் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் நீதிமன்ற உத்தரவு வாங்கி அதை நிறுத்தியது. மக்கள் இழந்த தொகை 12.5 கோடி டாலருக்கு மேல் என்றது ஆணையம். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த '21 படி' ரகசியமே, அதே உறுப்பினர் திட்டங்களை அடுத்தவர் தலையில் கட்டி கமிஷன் வாங்குவதுதான்!

இந்தியாவில் நொய்டாவைச் சேர்ந்த 'இபிஸ்' நிறுவனமும் இப்படித்தான். 16,821 ரூபாய் கட்டினால் ஆன்லைன் கம்ப்யூட்டர் பாடம். ஆட்களைச் சேர்த்தால் கமிஷன். சேர்ந்தவர்களில் பலர் மாணவர்களும் இளைஞர்களும். 2019 மார்ச்சில் ஹைதராபாத்தின் சைபராபாத் போலீஸ் அதன் நிர்வாக இயக்குநரைக் கைது செய்தது. மோசடித் தொகை சுமார் 5,000 கோடி ரூபாய் என்றது போலீஸ்.

பாடத்தைப் பயன்படுத்திச் சம்பாதிப்பது ஒன்று. பாடத்தை விற்றுச் சம்பாதிப்பது இன்னொன்று. 'நீங்களும் இந்த கோர்ஸை நாலு பேருக்கு விற்றால் கட்டிய பணம் திரும்ப வந்துவிடும்' என்ற வார்த்தை காதில் விழுந்த நிமிடமே எழுந்து வந்துவிடலாம். ஆள் சேர்த்தால் பணம் என்கிற பிரமிட் திட்டங்களை 2021-ம் ஆண்டின் நேரடி விற்பனை விதிகள் தடை செய்கின்றன. பணச் சுழற்சித் திட்டங்களுக்கு எதிரான சட்டம் 1978-லேயே வந்துவிட்டது. அதில் நீங்கள் சேர்த்துவிடும் ஆள் யார் என்றும் யோசிக்க வேண்டும். பெரும்பாலும் சித்தி மகளாகவோ பக்கத்து வீட்டு அக்காவாகவோ இருப்பார். போவது பணம் மட்டுமல்ல.

வகுப்பில் சொல்லாமல் விடுபவை

பல வகுப்புகள் 'சரக்கே வைத்துக்கொள்ளாமல் விற்கலாம்' என்று ட்ராப்ஷிப்பிங் கற்றுத் தருகின்றன. வேறு எங்கோ விசைத்தறியில் நெய்த மலிவுப் புடவையின் படத்தை எடுத்து, 'காஞ்சிபுரம் பட்டு' என்று போட்டு விற்கச் சொல்கிறவர்களும் உண்டு.

இது ஆபத்தான யோசனை. காஞ்சிபுரம் பட்டு 2005-06-ல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தப் பெயரைப் பொய்யாகப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம். சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று விற்பது வாடிக்கையாளரை ஏமாற்றுவது. வழக்கு வந்தால் பதில் சொல்ல வேண்டியது விற்றவர்தான். டெம்ப்ளேட் கொடுத்த பயிற்சியாளர் அல்ல.

ஜி.எஸ்.டி விவரமும் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துபோகும். பெரிய ஷாப்பிங் தளங்கள் வழியாக விற்பதற்கும் வெளிமாநிலத்துக்கு விற்பதற்கும் தனி விதிகள் உள்ளன. தொடங்கும் முன் உள்ளூர் ஆடிட்டர் ஒருவரிடம் அரை மணி நேரம் பேசுவது, மூன்று நாள் வெபினாரைவிடப் பயன் தரும். பட்டுப்புடவையின் நிறம் போட்டோவில் ஒரு மாதிரியும் நேரில் ஒரு மாதிரியும் தெரியும். 'கலர் வேறு' என்று திரும்பி வரும் பார்சலுக்கு இரண்டு பக்கக் கூரியர் செலவும் விற்றவருடையது. இதெல்லாம் விளம்பரத்தில் வராத பாடங்கள்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய 7 கேள்விகள்

1. பயிற்சியாளருக்குப் பயிற்சி தவிர வேறு தொழில் இருக்கிறதா? ஆன்லைனில் அவர் விற்கும் பொருள் என்ன? அந்தக் கடையின் பெயரைச் சொல்வாரா? அசல் ஜரிகையைச் சுரண்டிப் பார்ப்பது போன்ற முதல் கேள்வி இதுதான்.

2. பாடத்திட்டம் எழுத்தில் இருக்கிறதா? எத்தனை மணி நேரம், நேரடி வகுப்பா, பதிவு செய்த வீடியோவா?

3. நிறுவனத்தின் பதிவுப் பெயர், முகவரி, ஜி.எஸ்.டி எண் என்ன? பணம் நிறுவனக் கணக்குக்குப் போகிறதா, தனிநபரின் யு.பி.ஐ-க்கா?

4. ரீஃபண்ட் விதி என்ன? 'கேள்வி கேட்காமல் பணம் திருப்பித் தரப்படும்' என்று வாயால் சொல்வது போதாது. நிபந்தனைகள் எழுத்தில் வேண்டும்.

5. மொத்தச் செலவு எவ்வளவு? ஜி.எஸ்.டி, மென்பொருள் சந்தா, விளம்பரச் செலவு எல்லாம் சேர்த்து.

6. இ.எம்.ஐ என்றால் கடன் கொடுப்பது யார்? வகுப்பை நிறுத்தினாலும் கடன் நிற்காது. ஏனென்றால் அது வேறு நிறுவனத்துடன் நீங்கள் போடும் தனி ஒப்பந்தம். டிஜிட்டல் கடனில் வட்டியும் செலவும் அடங்கிய விவரத் தாளைக் கேட்டுப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. அபராதம் இல்லாமல் கடனில் இருந்து வெளியேற ஒரு குறுகிய கால அவகாசம் தர வேண்டும் என்பதும் ரிசர்வ் வங்கியின் விதி.

7. நாளைக்கு முடிவு சொல்கிறேன் என்றால் ஒப்புக்கொள்கிறார்களா? நல்ல பயிற்சி நாளைக்கும் அதே விலையில் இருக்கும்.

ஏற்கெனவே கட்டிவிட்டீர்களா?

முதலில் பதற வேண்டாம். விளம்பரத்தின் ஸ்க்ரீன்ஷாட், வெபினார் பதிவு, வாட்ஸ்அப் உரையாடல், பணம் கட்டிய ரசீது எல்லாவற்றையும் சேமித்துக்கொள்ளுங்கள். குரூப்பில் இருந்து உங்களை நீக்கும் முன்பே செய்துவிடுவது நல்லது. பிறகு பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி மின்னஞ்சலில் எழுதுங்கள். போனில் பேசியதற்குச் சாட்சி இல்லை.

பதில் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அடுத்த கட்டமாக நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். நிறுவனம் டெல்லியில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்க 2019-ம் ஆண்டுச் சட்டம் வழி செய்திருக்கிறது. கட்டிய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்ய வேண்டும். பொய் விளம்பரம் செய்தவருக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் மத்திய ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

பணம் வாங்கியவர் போனை அணைத்துவிட்டு மறைந்துவிட்டால், அது சைபர் மோசடி. உடனே 1930 என்ற எண்ணுக்குப் புகார் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை வங்கியிலேயே முடக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

குறைந்த செலவில் கற்க வழி இருக்கிறதா?

இருக்கிறது. கூகுள், மெட்டா நிறுவனங்களே தங்கள் தளங்களில் விளம்பரம் செய்வது எப்படி என்பதை இலவசப் பாடங்களாக வைத்திருக்கின்றன. தமிழக அரசின் தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் டிஜிட்டல் மார்க்கெட்டிங் பயிற்சிகளைக் குறைந்த கட்டணத்தில் நடத்துகிறது. வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் கிராமப்புற இளைஞர்களுக்குப் பயிற்சி இலவசம். காஞ்சிபுரத்திலேயே மத்திய ஜவுளி அமைச்சகத்தின் நெசவாளர் சேவை மையம் இருக்கிறது. நெசவாளர்களும் கூட்டுறவுச் சங்கங்களும் நேரடியாக விற்க, மத்திய அரசின் 'இந்தியாஹேண்ட்மேட்' இணையதளமும் உண்டு.

ஒரு நெசவாளர் வீட்டுப் பெண்ணிடம், எந்த மென்டரிடமும் இல்லாத ஒன்று இருக்கிறது. உடலும் கரையும் தனித்தனி நிறத்தில் நெய்து கோர்க்கப்படும் 'கோர்வை' வேலையை, அவர் அப்பா தறியில் செய்யும்போது ஒரு நிமிட வீடியோ எடுத்தாலே போதும். ஜரிகை அசலா என்று பார்ப்பது எப்படி என்று அம்மா சொல்வதை இன்னொரு வீடியோவாக எடுக்கலாம். பட்டு பற்றித் தெரியாமல் ஏமாறும் வாடிக்கையாளர் தேடுவது இதைத்தான். இதற்கு 45,000 ரூபாய் டெம்ப்ளேட் தேவையில்லை. மாதம் இரண்டு புடவை, பிறகு நான்கு என்று மெதுவாகத்தான் போகும். ஆனால் அந்த வாடிக்கையாளர் திரும்ப வருவார்.

வீட்டில் ஒரு வார்த்தை

இந்தப் பயிற்சிகளில் பணம் இழந்தவர்கள் பலரும் வெளியில் சொல்வதில்லை. 'படித்திருந்தும் இப்படியா?' என்ற கேள்விக்குப் பயந்து, நகையை அடகு வைத்ததைக்கூட மறைத்து இ.எம்.ஐ கட்டுகிறார்கள். அந்த மௌனம்தான் அடுத்த வெபினாருக்குக் கூட்டம் சேர்க்கிறது.

அதனால் வீட்டில் மகளோ மருமகளோ தம்பியோ 'ஒரு ஆன்லைன் கோர்ஸ் சேரலாமா?' என்று கேட்டால், எடுத்ததுமே 'வேண்டாம்' என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் அடுத்த முறை கேட்காமலே கட்டிவிடுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அந்த ஏழு கேள்விகளையும் சேர்ந்து கேளுங்கள். அவசரப்படுத்தும் கடிகாரம் ஓடி முடியட்டும். மறுநாள் காலையிலும் அந்தப் பயிற்சி நல்லதாகத் தோன்றினால், அப்போது முடிவெடுத்துக்கொள்ளலாம்.